கன்னத்தில் குழி உண்டு

"அந்தப் பக்கம் திரும்புங்க. சிரிக்காதீங்க," என்றார் தோல் டாக்டர்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சிரிக்கவே இல்லை. பயத்தில் உதடு தானாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு, சின்ன டார்ச் ஒன்றைக் காதோரம் வைத்துக் கன்னத்தின் மேல் சாய்வாக அடித்தார். நேர் வெளிச்சத்தில் ஏதோ சுமாராக ஒப்பேற்றிக்கொண்டிருந்த முகம் அது. சாய்வு வெளிச்சத்தில் குழிக்கு ஒரு நிழல் விழ, கைக்கண்ணாடியில் பார்த்த கடைக்காரருக்கே பகீரென்றது.

"பருவ வயசுல பருவைக் கிள்ளினீங்களா?"

"எல்லாரும் பண்றதுதானே டாக்டர்."

"எல்லாரும் கிள்ளுவாங்க. நீங்க உழுதிருக்கீங்க." டாக்டர் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். "இதோ, இதெல்லாம் ஊசி குத்தின மாதிரி ஆழமா இருக்கு. இது வெட்டி எடுத்த மாதிரி அகலம். மீதி அலை அலையாப் பள்ளம். இழுத்தா மறையுது பாருங்க, அந்த அலைப் பள்ளத்தை மட்டும் ஊசி மருந்து போட்டு நிரப்பலாம். மத்ததுக்கு லேசர், ரோலர்னு மாசக்கணக்குல ஆகும். பொறுமையாப் பண்ணுவோம்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா?"

"எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?"

"வர்ற ஞாயிறு டாக்டர். பொண்ணு வீட்டுல இருந்து என்னைப் பாக்க வர்றாங்க."

கடைக்காரரின் கஷ்டம் மற்றவர்களுக்குப் புரியாது. அவர் கடையில் நான்கு சுவரும் கண்ணாடி. வாடிக்கையாளருக்கு ஃபிரேம் மாட்டிவிட்டு நிமிர்ந்தால் இவர் முகமும் பக்கத்தில் வந்து நிற்கும். 'எனக்கு எப்படி இருக்கு?' என்று அவர்கள் கேட்கும்போது, 'என்னைவிட நல்லா இருக்கு' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். வந்த வரன் எல்லாம் நேரில் பார்த்துவிட்டு, 'போன் பண்றோம்' என்று சொல்லிப் போனதோடு சரி. அந்தப் போன் எல்லாம் எங்கே போய் அடிக்கிறதோ, தெரியாது.

ஆனால் இந்தப் பெண் வேறு. பல் டாக்டர். போனில் பேசியபோது, "நீங்க பல்லைப் பாருங்க, நான் கண்ணைப் பாக்கறேன், மூக்கு மட்டும் சும்மா கிடக்கும்" என்று இவர் உளறியதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவே செய்துவிட்டார். அவள் இன்னும் இவரை நேரில் பார்க்கவில்லை. அனுப்பிய போட்டோவும் கடை வாசலில் நின்று எடுத்தது. அதில் கடைப்பலகை மட்டும்தான் தெளிவாக இருந்தது.

டாக்டர் அரை மனசோடு ஊசி போட்டு அலைப் பள்ளங்களை நிரப்பினார். "ரெண்டு நாள் கொஞ்சம் வீங்கும். அமுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. சும்மா விட்டுடுங்க," என்று படித்துப் படித்துச் சொன்னார்.

சும்மா விடுகிற குடும்பமா அது?

மறுநாள் அக்கா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"டேய், பொண்ணுகிட்ட பேசினேன்டா! உன்னை ஏன் பிடிச்சுதுன்னு கேட்டேன். 'அவருக்குக் கன்னத்துல குழி இருக்குன்னு உங்க அம்மா சொன்னாங்கல்ல, அதைக் கேட்டதுமே பிடிச்சுப்போச்சு'ன்னு சொல்றா!"

கடைக்காரர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நேத்துதானே மூடினேன்!"

"அம்மா! நீ என்னம்மா சொன்னே அவங்ககிட்ட?" என்று அக்கா உள்ளே பார்த்துக் கத்தினாள்.

சமையலறையிலிருந்து அம்மா நிதானமாக வந்தாள். "உள்ளதைச் சொன்னேன். நாளைக்கு நேர்ல பாத்துட்டு ஒரு சொல் வரக் கூடாது பாரு. பையன் தங்கம், ஆனா கன்னத்துல குழி இருக்கும்னு சொன்னேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "கன்னத்துல குழின்னா யாராவது பருத்தழும்புன்னு நினைப்பாங்களா? சிரிச்சா விழுமே, அந்தக் குழி! அதைத்தான் அவ நினைச்சிட்டிருக்கா. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணும்பாங்க. நீ ஒரே ஒரு உண்மையைச் சொல்லிக் கெடுத்திட்டியேம்மா!"

"நான் என்னடி கண்டேன்? குழின்னா குழிதானே?" என்றாள் அம்மா.

கடைக்காரர் கண்ணாடி முன்னால் போய்ச் சிரித்துப் பார்த்தார். குழி விழவில்லை. நன்றாகச் சிரித்துப் பார்த்தார். வீக்கத்தில் கண்தான் மூடிக்கொண்டது. பதறிப்போய், செருப்பைக்கூட இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

"டாக்டர், கன்னத்துல ஒரு குழி வேணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நேத்து என்ன சொன்னீங்க?"

"மூடச் சொன்னேன். அது வேற குழி. இது சிரிச்சா விழற குழி. ரெண்டு பக்கமும் வேண்டாம், ஒரு பக்கம் போதும்."

"நேத்து குழியை மூடு, இன்னிக்கு அதே இடத்துல தோண்டு! நான் டாக்டரா, இல்லே ரோடு போடறவனா? வாய்க்குள்ள தையல் போட்டு, ஆறி, அது தானா விழறதுக்கு எவ்வளவோ நாளாகும். பேசாமப் போய்ப் பொண்ணுகிட்ட நிஜத்தைச் சொல்லுங்க சார்."

உருப்படியான யோசனைதான். அதனால்தான் வீட்டில் ஒருவர் காதிலும் அது ஏறவில்லை.

அக்கா வீட்டுக்காரர் வந்தார். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் அவர் விசாரிப்பதில்லை.

"இவ்வளவுதானே மாப்ளே! ஒரு சட்டைப் பட்டனைக் கன்னத்துல வெச்சு, பிளாஸ்திரி போட்டு இறுக்கி ஒட்டு. ராத்திரி பூரா அழுந்தினா காலையில குழி. ரெண்டு மணி நேரமாவது அது நிக்காதா? அவங்க பாத்துட்டுப் போற வரைக்கும் நின்னாப் போதும்."

"அமுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே அத்தான்?"

"டாக்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. உனக்கு?"

அன்று ராத்திரி கடைக்காரர் பட்டனை ஒட்டிக்கொண்டு படுத்தார். ஞாயிறு காலை பிளாஸ்திரியைப் பிய்த்தபோது குழி விழுந்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வட்டமாக, சிவப்பாக, நடுவில் நான்கு சின்னப் பொட்டுகளோடு விழுந்திருந்தது. பார்த்தவர் யாராக இருந்தாலும், 'பட்டன்' என்று சொல்லிவிடுவார்கள். போதாததற்கு, டாக்டர் நிரப்பிய மருந்து கொஞ்சம் நகர்ந்துபோய்த் தாடைப் பக்கம் ஒரு மேடு கட்டியிருந்தது.

"அடப்பாவி மனுஷா!" என்று அக்கா புருஷனைப் பார்த்துக் கத்தினாள். "என் தம்பியைச் சட்டையாக்கிட்டியே!"

"கொஞ்சம் சின்னப் பட்டனா வெச்சிருக்கணும்," என்றார் அவர், ஆராய்ச்சி செய்கிற முகத்தோடு.

கார் சத்தம் கேட்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அக்கா தன் மேக்கப் பையைக் கவிழ்த்தாள். ஒரு பூச்சு பூசினாள், பட்டன் தெரிந்தது. இரண்டாவது பூச்சில் நான்கு பொட்டு மட்டும் தெரிந்தது. மூன்றாவது பூச்சில் எல்லாமே மறைந்தது. ஊசிக் குழி, வெட்டுக் குழி, பட்டன் குழி எல்லாம் போய், புதுசாகப் பட்டி பார்த்த சுவர் மாதிரி முகம் வழவழவென்று ஆகிவிட்டது. கடைக்காரர் தன் வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தோடு இருந்ததே இல்லை. ஒரு நிமிஷம் அவருக்கே சந்தோஷமாக இருந்தது.

"சிரிக்கிற குழிக்கு என்னக்கா பண்றது?"

"கன்னத்தை உள்ளே உறிஞ்சிக்கோ. பேச்சைக் குறைச்சுக்கோ."

வந்தவர்கள் மூன்று பேர். பெண், பெண்ணின் அம்மா, காரை ஓட்டிவந்த தாய்மாமா. டீயும் பிஸ்கட்டும் வந்தன. கடைக்காரர் கன்னத்தை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண் போனில் கேட்ட குரலைவிட அழகாக இருந்தாள். அவளோ இவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. கன்னத்தையே பார்த்தாள். இடது கன்னத்தைப் பார்த்தாள், தலையைச் சாய்த்து வலது கன்னத்தைப் பார்த்தாள். முகம் வாடிக்கொண்டே போனது.

குழியைத் தேடுகிறாள், பாவம் என்று நினைத்துக் கடைக்காரர் இன்னும் ஆழமாக உறிஞ்சினார்.

"தம்பிக்குப் பல்லு வலியா?" என்று பெண்ணின் அம்மா கேட்டாள்.

"ம்ஹூம்," என்றார் கடைக்காரர், வாயைத் திறக்காமல்.

"கடைவாய்ப் பல்லா இருக்கும். வீங்கியிருக்கு பாரும்மா," என்று அவள் மகளிடம் சொன்னாள்.

"பையன் சிரிச்சா ரொம்ப நல்லா இருப்பான்," என்று அக்கா வீட்டுக்காரர் நடுவில் புகுந்தார். "சிரி மாப்ளே!"

உறிஞ்சிய கன்னத்தோடு சிரிப்பது மனிதனால் ஆகிற காரியம் இல்லை. கடைக்காரர் முயன்றார். 'புர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. பெண்ணின் அம்மா டீக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

பெண் தாய்மாமாவின் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் சட்டென்று மாறியது. பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்போ நாங்க... போன் பண்றோம்."

அதைக் கேட்டதும் கடைக்காரருக்கு உள்ளே ஏதோ அறுந்தது. போகட்டும் கழுதை, எப்படியும் போகப்போகிற வரன், உண்மையையாவது சொல்லிவிடுவோம் என்று கன்னத்தை விட்டார்.

"ஒரு நிமிஷம் உக்காருங்க! எனக்குச் சிரிச்சா குழி எல்லாம் விழாது. எங்கம்மா சொன்னது பருத்தழும்புக் குழி. நீங்க வேற குழின்னு நினைச்சு ஆசைப்பட்டுட்டீங்கன்னு தெரிஞ்சு, மூடின குழிக்குப் பக்கத்துல இன்னொரு குழியைத் தோண்டி, பட்டனை ஒட்டி..." மேசை மேல் கிடந்த ஈரத் துணியை எடுத்துக் கன்னத்தைத் துடைத்தார். டாக்டர் 'தேய்க்கக் கூடாது' என்றது அப்போது நினைவுக்கு வரவில்லை. பூச்சு போனது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, ஊசிக் குழிகள் வரிசையாக எட்டிப்பார்த்தன. நடுவில் பட்டனும் தெரிந்தது. "இதுதாங்க என் மூஞ்சி. மன்னிச்சிடுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பெண் எழுந்து பக்கத்தில் வந்து, பல் டாக்டருக்கே உரிய உரிமையோடு அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். குழிகளைப் பார்த்தாள், பட்டனைப் பார்த்தாள், அப்புறம் போனில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள்.

தாய்மாமா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அட, இதை முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா தம்பி! வந்த வரன்லயே பருத்தழும்பு இருக்குன்னு உள்ளதைச் சொன்ன ஒரே வீடு உங்க வீடுன்னுதான் இவ சம்மதிச்சா. இங்கே வந்து வழவழன்னு உங்களைப் பாத்ததும், 'இது அந்த மாப்பிள்ளை இல்லே, ஆளை மாத்தி உக்காரவெச்சிருக்காங்க, வண்டியை எடுங்க மாமா'ன்னுட்டா!"