கொறற்றி ரீச்சர் கேட்ட அன்ட்ராக்

"அன்ட்ராக் குடுத்தாச்சோ?"

ஜேர்மனியின் ஹம் நகர அகதி விடுதியில், பொதுச் சமையலறையில் கொறற்றி ரீச்சர் ஒரு மாதமாக இதையேதான் கேட்கிறார். பீலிக்ஸுக்கு விசர் பிடிக்காத குறை. அன்ட்ராக் என்றால் ஜேர்மனில் விண்ணப்பம். எண்பத்தைந்தில் மன்னாரிலிருந்து வந்திறங்கிய கிழமையே அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்ட மனிதர் அவர்.

ஐம்பத்தெட்டு வயதில், மனைவி இறந்து பதினொரு வருடம் கழித்து, ஒரு பெண் ரொட்டி தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. மனதில் உள்ளதைச் சொல்ல வாய் திறந்தால், ரீச்சர் அன்ட்ராக் என்கிறார். இப்போதெல்லாம் "அண்ணை" என்று கூப்பிடுவதும் இல்லை. மரியாதையும் போயிற்று. வெள்ளிக்கிழமை ரீச்சர் கொலோனிலுள்ள தம்பி வீட்டோடு இருக்கப் போகிறார். பிறகு எங்கே காண்பது?

செவ்வாய்க்கிழமை, பீலிக்ஸ் அந்த அகதி விண்ணப்பத்தின் பிரதியையே கொண்டுவந்து நீட்டினார்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை வாசித்தார். முகம் சுண்டிவிட்டது.

"இது இல்லை."

"வேறை என்ன?"

"அதையும் நானே சொல்லவோ?"

புதன்கிழமை பீலிக்ஸ் அலுவலகத்தில் அகப்பட்ட படிவங்களையெல்லாம் நிரப்பினார். குளிர்கோட்டுக்கு ஒன்று, கட்டிலுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று.

"குடுத்திட்டன் ரீச்சர்! மூண்டு!"

"மூண்டோ?" ரீச்சரின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. "ஆரிட்டை?"

"கந்தோரிலை, சிவப்புச் சட்டைக்காரியிட்டை."

"அவ என்ன சொன்னவ?"

"நல்ல மனுசி. சிரிச்சுக்கொண்டு வாங்கினவ. மறுமொழி கடிதத்திலை வருமாம்."

ரொட்டி கருகியது. ரீச்சர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பின்னேரம் பக்கத்து அறை ஹசனிடம் போனார் பீலிக்ஸ். ஹசன் பலஸ்தீனர், ஆறு வருடமாக ஜேர்மனியில் இருப்பவர். விடுதியில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அர்த்தம் சொல்பவர் அவர்தான். அரைகுறை ஜேர்மனில் பீலிக்ஸ் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இனி என்னாலை ஏலாது, ஹசன். நாளைக்குப் போகப்போறா. அந்த மனுசிக்கு என்ன அன்ட்ராக்தான் வேணும்?"

ஹசன் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒரு ஆம்பிளை ஒரு பொம்பிளையைக் கலியாணத்துக்குக் கேக்கிறதுக்கு ஜேர்மனிலை என்ன சொல்லுறது எண்டு, போன மாதம் ரீச்சர் என்னட்டைக் கேட்டவ. அன்ட்ராக் எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான்."