ஒரு வாய் இரும்பு மருந்து

வாய் நிறைய மருந்தை வைத்துக்கொண்டு நிற்கிற மனிதனைப் பார்த்தால்தான் உலகத்தில் உள்ள எல்லாக் கேள்வியையும் கேட்கத் தோன்றும் போலிருக்கிறது.

“என்னா கிளாக்கர், ராத்திரி தூக்கம் வருதா?” என்றார், தோட்டத்து ஜனங்கள் டாக்டர் என்று கூப்பிடுகிற டிஸ்பென்சர் இராமையா.

சுந்தரலிங்கம் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

“பசி எப்பிடி?”

மறுபடியும் ஓர் ஆட்டல்.

“வயித்தால ஒழுங்கா போகுதா? மருந்து குடிக்க முன்னாடி எப்பிடி, இப்ப எப்பிடி? வித்தியாசத்த வெவரமா சொல்லுங்க.”

இதற்குத் தலையை எந்தத் திசையில் ஆட்டுவது? யோசிப்பதற்குள் மருந்து தொண்டைப் பக்கம் நழுவப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வட்டமாக ஒரு சுற்று ஆட்டிவிட்டு வெளியே பாய்ந்தான்.

“அடுத்த ஆளு வா!” என்று கத்தினாள், வெறும் கோப்பையோடு நின்ற காளியாயி. ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைத்து, வரிசையை அதட்டி நிற்க வைப்பது அவள் வேலை.

சுந்தரலிங்கம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓடி, வாழை மரத்தடியில் ஒளித்து வைத்திருந்த போத்தலை எடுத்து, வாயில் இருந்ததைச் சொட்டுக்கூடச் சிந்தாமல் அதற்குள் துப்பினான். இன்றோடு ஒன்பது நாள். போத்தலில் கால்வாசிகூட நிரம்பவில்லை. கழுத்துப்பட்டி கட்டி ஆபீசில் கணக்கெழுதுகிற ஒரு சின்ன கிளாக்கர் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் பொறாமை வந்தவனுக்குக் கழுத்துப்பட்டி எல்லாம் ஞாபகத்தில் இருக்காது.

பூண்டுலோயாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், அறுபத்து நாலாம் வருஷம், சுந்தரலிங்கத்துக்கு ரேடியோப் பைத்தியம் பிடித்திருந்தது. சும்மா ரேடியோ இல்லை. கம்பிக் குப்பை எதுவும் இல்லாமல், செம்புத் தாள் ஒட்டிய ஒரு தகட்டில் கோடுகளாகவே எல்லாவற்றையும் ஓட விட்டு, அதில் டிரான்சிஸ்டரைப் பொருத்துகிற புது மாதிரி ரேடியோ. துரை வீட்டிலிருந்து பழைய பேப்பரோடு வந்த ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் படத்தோடு போட்டிருந்தார்கள். செம்புத் தகட்டின் மேல் பெயிண்டால் கோடு வரைய வேண்டும். பிறகு இரும்பு மருந்தில் ஊற வைக்க வேண்டும். பெயிண்ட் இல்லாத இடத்துச் செம்பை எல்லாம் மருந்து தின்றுவிடும். கோடு மட்டும் மிஞ்சும். அவ்வளவுதான் வித்தை.

தகடு கொழும்பிலிருந்து தபாலில் வந்தது. பெயிண்டுக்குப் பஞ்சமில்லை; ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி மேல் தோட்டத்துப் பெயர் அடிக்கிற கறுப்புப் பெயிண்ட் இருந்தது. மருந்துதான் சிக்கல். சோகை பிடித்தவர்களுக்குத் தண்ணீர் கலந்து கொடுக்க ஆஸ்பத்திரியில் அதே மருந்து ஒரு பெரிய போத்தலில் இருந்தது. “டாக்டர், கொஞ்சம் குடுங்க” என்று கேட்டிருந்தால் இராமையா கொடுத்திருப்பார்.

கேட்கத்தான் மனம் வரவில்லை. ஏனென்றால் இராமையாவின் மேசை மேலும் ஒரு தகடு கிடந்தது.

அதை முதலில் பார்த்த அன்று சுந்தரலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவன் போட்ட கோடுகள் புழு நெளிகிற மாதிரி தடித்துக் கிடக்க, இராமையாவின் தகட்டில் கோடுகள் மயிரிழை அகலத்தில், ஒன்றை ஒன்று தொடாமல், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி ஓடின.

“எப்பிடி? அபாரமா இருக்கில்ல?” என்று இராமையா வேறு வாய் நிறையச் சிரித்தார்.

தன் கை வேலையைத் தானே மெச்சுகிற மனிதன்! சுந்தரலிங்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த வயிற்றோடு, நரம்புத் தளர்ச்சி, தலைசுற்றல் என்று கதை அளந்து, மருந்துக்கு வரிசையில் நின்றான். ஆனால் வீட்டுக்கு மருந்து கொடுத்தால் ஜனங்கள் சாக்கடைக் கானில் ஊற்றிவிடுகிறார்கள் என்று இராமையா ஒரு சட்டம் வைத்திருந்தார். கங்காணியோ கிளாக்கரோ, அவர் கண் முன்னால் குடித்தாக வேண்டும். அப்படி வந்ததுதான் இந்த வாழைமரத்தடி வைத்தியம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி யோகேஸ்வரிதான் எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றினாள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அவன் எதைச் செய்து கொண்டுவந்து காட்டினாலும் யோகேஸ்வரி “ம்” என்பாள். சைக்கிள் லாம்பைச் சுவரில் எரிய வைத்தான். “ம்.” அழைப்பு மணி செய்தான். “ம்.” ஒரே ஒரு தடவை அவள் வாயால் “அடேயப்பா” என்று கேட்டுவிட வேண்டும் என்பது சுந்தரலிங்கத்தின் ஆசை. வேறு பெரிய ஆசை ஒன்றும் அவனுக்கு இல்லை. அந்த அடேயப்பா அந்த டிஸ்பென்சர் தகட்டுக்குப் போய்விட்டது.

அவள் தினமும் பகலில் டாக்டர் வீட்டம்மாவிடம் தையல் படிக்கப் போவாள். சாயந்தரம் இவன் வந்து காலணியைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள்.

“என்னாங்க, டாக்டரய்யா மேசைல அந்தத் தகட்ட பாத்தீங்களா? அடேயப்பா, கோடெல்லாம் என்னா நேர்த்தி!”

“கோடா அது? மண்ணாங்கட்டி.”

“ஏங்க அப்பிடி சொல்றீங்க? ஒன்னோட ஒன்னு ஒட்டவே இல்லியே.”

“ஒட்டாட்டி போதுமா? ஒரு உயிர் இருக்கா அதுல? கைப்பழக்கம் இல்லாத ஆளு செஞ்சதுன்னு பாத்தாலே தெரியுது.”

யோகேஸ்வரியின் முகம் சட்டென்று வாடிப்போயிற்று. “நெசமாவே நல்லா இல்லீங்களா?” என்றாள்.

“குப்பை.”

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். சுந்தரலிங்கத்துக்கு ஒரு பக்கம் திருப்தி, மறுபக்கம் ஒரே குடைச்சல். எவனோ ஒருவனுடைய தகட்டைக் குறை சொன்னால் இவளுக்கு ஏன் மூஞ்சி சுருங்க வேண்டும்?

பத்தாம் நாள் புது இடைஞ்சல் ஒன்று வந்தது. மருந்தின் துவர்ப்புப் போக அவன் தினமும் ஃபேக்டரியில் சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேத்தண்ணி, வாங்கி வாய் கொப்பளித்து வந்தான். இரும்பும் தேயிலைச் சாயமும் சேர்ந்தால் மை என்பது அவனுக்குத் தெரியாது. பற்கள் எல்லாம் கரேலென்று ஆகிவிட்டன.

“இதென்னா பல்லு?” என்று பதறினார் இராமையா. “வியாதி உள்ளுக்க முத்திப்போச்சே! காளியாயி, கிளாக்கருக்கு நாளையிலேருந்து ரெண்டு கோப்பை.”

ஒரு கோப்பையைத்தான் வாய் தாங்கும். மறுநாள் இரண்டாவது உள்ளே போயிற்று. அன்றைக்கு அவன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம்.

இனி வரிசையில் நிற்பதற்கில்லை. இருக்கிற மருந்தைக் கொண்டு வேலையை முடித்துவிட வேண்டியதுதான். தகட்டைக் கிண்ணத்தில் போட்டு ஊற்றினான். ஒரு பகல் முழுக்க ஊறியும் செம்பு சிரித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் கலந்த மருந்தாயிற்றே! வற்ற வைத்தால் கெட்டியாகும் என்று மூளை வேலை செய்தது. யோகேஸ்வரி தையலுக்குப் போன நேரம் பார்த்து, அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளைச் சட்டியை அடுப்பில் ஏற்றி, மருந்தை ஊற்றிக் கொதிக்க விட்டான்.

கொதிக்கிற நேரம் பார்த்தா, ஃபேக்டரியில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் செல்லசாமி வந்து கதவைத் தட்ட வேண்டும்?

“வீட்டுல ஆளில்லியா தம்பி? பரவால்ல, ஒரு சாயத்தண்ணி ஊத்துங்க, குடிச்சிட்டுப் போறேன்.”

சுந்தரலிங்கம் மருந்தைப் போத்தலில் கவிழ்த்துவிட்டு, கைக்கு வந்த அதே சட்டியில் அவசரமாக ஒரு அலசு அலசித் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தான். செல்லசாமி கோப்பையைத் தூக்கினார். தூக்கியபடியே இருந்தார். கோப்பையில் தார் நின்றது.

“இது... இது எந்தத் தூளு?”

“போன கிழமை ஃபேக்டரில குடுத்ததுதாங்க.”

“போன கிழமைத் தூளா! நூறு பெட்டி அனுப்பியாச்சேய்யா!” என்று அலறி எழுந்த செல்லசாமி, ஃபேக்டரிக்கு ஓடி மெஷினை நிறுத்தி, எல்லாத் தூளையும் ஊற்றி ஊற்றிப் பார்த்தார். எல்லாம் பொன்னிறமாகத்தான் இருந்தது. கடைசியில் விஷயம் துரை வரைக்கும் போய், சின்ன கிளாக்கர் பெரியவர்களிடம் விளையாடுகிறான் என்று சுந்தரலிங்கத்துக்கு ஒரு மண்டகப்படி கிடைத்தது.

வீட்டுக்கு வந்தால் இங்கே இன்னொன்று. யோகேஸ்வரி சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஈயப் பூச்சு காணாமல் போய், பித்தளை சொறி பிடித்த மாதிரி குழி குழியாக இருந்தது.

“செம்பத் திங்கிற மருந்து பித்தளைய மட்டும் விட்டுருமாங்க? அத பீங்கான்லதான் ஊத்தணும். தண்ணி சேந்தது வேற வேலைக்காகாது.”

சுந்தரலிங்கம் திடுக்கிட்டான். “இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னது?”

அவள் சட்டியை மடியிலிருந்து கீழே வைத்தாள். “அங்க... டாக்டரய்யா வீட்டுல...”

“ஓகோ! பாடம் நடக்குதோ?”

“இல்லீங்க, நான் என்னா சொல்ல வந்தேன்னா...”

“ஒன்னும் சொல்ல வேணாம். நான் தோட்டத்துல பைத்தியக்காரப் பட்டம் வாங்கிட்டு வந்திருக்கேன். நீ அந்த ஆளு சொன்ன பாடத்த எனக்கு ஒப்பிக்கிறியா?”

அவள் எழுந்தாள். சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று இரவெல்லாம் அவனுக்கு ஒரே நினைப்புத்தான். தன் தகடு நன்றாக வராவிட்டால் போகட்டும். அந்தத் தகடு உலகத்தில் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் அதற்கும் வழி பிறந்தது. தொழிலாளர் குடியிருக்கிற பத்தாம் நம்பர் லயத்தில் ஒருத்திக்குப் பிரசவ வலி என்று இராமையாவும் காளியாயியும் ஓடினார்கள். ஆஸ்பத்திரி திறந்து கிடந்தது. சுந்தரலிங்கம் உள்ளே நுழைந்தான்.

மேசை மேல் அந்தத் தகடு பெயிண்ட் எல்லாம் துடைத்து, துளை போட்டு, பளபளவென்று இருந்தது. பக்கத்தில் டிரான்சிஸ்டர்களும் பேச்சுப் பெட்டியும் தயாராக இருந்தன. இன்னும் ஒரு நாள் போனால் பாட்டே பாடிவிடும். பாடினால் யோகேஸ்வரி அங்கேயே குடியிருந்துவிடுவாள். பீங்கான் தட்டில் தகட்டைப் போட்டான். அலமாரியிலிருந்து பெரிய போத்தலை எடுத்து, தண்ணீர் கலக்காத அசல் மருந்தைத் தாராளமாக ஊற்றினான். செம்பு முகம் கறுப்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். பதினாலு நாளில் அன்றைக்குத்தான் அவனுக்கு நன்றாகப் பசித்தது.

பொழுது சாய யோகேஸ்வரி வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. விளக்கேற்றவில்லை, அடுப்புப் பற்ற வைக்கவில்லை, மூலையில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“என்னாச்சு?” என்றான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

“அந்தத் தகடு... யாரோ மருந்துல போட்டு... ஒரு கோடுகூட மிஞ்சலீங்க...” என்று விம்மினாள்.

சுந்தரலிங்கத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனுக்கு மண்டகப்படி விழுந்த அன்று இவள் அழவில்லை. பல் கறுத்த அன்று அழவில்லை. அந்த மனுஷன் தகட்டுக்கு இப்படி அழுகிறாள்!

“ஊரான் தகடு போனா ஒனக்கென்னாடி? நாலு பேரு கேட்டா சிரிப்பானுங்க.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தையும் மூடிக்கொண்டாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு இல்லாத காலை. யோகேஸ்வரி பின்னால் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ கனைத்தார்கள். காளியாயி நின்றாள். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். மாட்டிக்கொண்டோமா?

“டாக்டரய்யா குடுத்துவிட்டாங்க,” என்று காளியாயி பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு துளிச் செம்பும் இல்லாத வெறும் அட்டை. ஓரத்தில் வரிசையாகத் துளைகள் மட்டும் இருந்தன. “‘மனசு தளர வேணாம், இன்னொரு தகடு கொழும்புக்கு எழுதிப் போட்டிருக்கேன், மொதல்லேருந்து செய்யலாம்’னு சொல்லச் சொன்னாங்க.”

ஆகா, மாட்டவில்லை! தகடு போனதில் தனக்கும் வருத்தம் என்று நினைத்து, இராமையா தனக்கே ஆறுதல் சொல்லி ஆள் அனுப்புகிறார் போலிருக்கிறது. போன தைரியம் எல்லாம் திரும்பி வந்தது. சுந்தரலிங்கம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கறுத்த பல் அத்தனையும் தெரியச் சிரித்தான்.

“இத ஏன் புள்ள இங்க கொண்டாந்த? செஞ்சவங்ககிட்ட கொண்டுபோய்க் குடு. நல்லா பாத்துக்கிட்டு அழட்டும்!”

காளியாயி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“செஞ்சவங்ககிட்ட குடுக்கத்தானுங்க வந்தேன். உள்ள இருந்தா அம்மாவக் கொஞ்சம் கூப்புடுங்க.”