தரையில் தெரிந்த மீசை

நான் விழுந்தபோது அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கார ஆச்சி, அன்று காலையில்தான் சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவர். கணக்கப்பிள்ளை சுந்தரம் அண்ணன், ஆச்சி ஊரில் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்பவர். சமையல் மாஸ்டர், கையில் கரண்டியோடு. வீடியோ எடுக்க வந்த தம்பி, கையில் கேமராவோடு. என் மனைவி வள்ளி, கையில் ஒன்றுமில்லாமல் (அவளுக்கு வாயே போதும்). எல்லோரும் இன்றைக்கும் நல்ல சுகத்தோடு இருக்கிறார்கள். நல்ல ஞாபகத்தோடும் இருக்கிறார்கள். அதுதான் என் கஷ்டம்.

எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு சாக்கோட்டைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். மூட்டையோடு என்ன பேசுவது? யார் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பேன். முக்கால்வாசிக் கேள்விக்கு அது பொருந்தும். என் முதுகைப் பற்றி மட்டும் உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது. எத்தனை மூட்டை ஏற்றினாலும் ஒரு முனகல் வராத முதுகு.

மில்லை மூடிவிட்டார்கள். காரைக்குடியில் அந்தப் பெரிய வீட்டில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற வீடு. நான் பெருக்குவேன், துடைப்பேன். வள்ளி பாத்திரம் கழுவுவாள். அங்கே காவல்காரர் வேலை காலியானது. மாதச் சம்பளம், பின்கட்டில் குடியிருக்க ஓர் அறை. நாங்கள் இருந்த வாடகை வீட்டை அந்த மாதமே காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். பொண்ணு பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அந்த அறை கிடைக்காவிட்டால் சட்டி பானையோடு தெருவில்தான் நிற்க வேண்டும். ஆளை ஆச்சியே நேரில் பார்த்து முடிவு செய்வார் என்றார்கள்.

ஒரு தேவகோட்டைக்காரர் வீட்டுக் கல்யாணத்தன்று ஆச்சி வந்தார். முதல் நாளே சுந்தரம் அண்ணன் சொல்லிவிட்டார்.

"கருப்பையா, ஆச்சி வர்றாக. முகப்புத் தரையில மூஞ்சி தெரியணும்."

அது ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அதைத் துடைக்க ஒரு பக்குவம் உண்டு. ஒரு வாளித் தண்ணீருக்கு, பாட்டில் மூடியால் இரண்டு மூடி தேங்காய் எண்ணெய். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். ஆனால் அன்று விடிகாலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு மூடிக்கே இந்தப் பளபளப்பு என்றால், நடுவில் தண்ணீர் எதற்கு?

(எனக்கு யோசனை வருவதே அபூர்வம். வந்ததை விட மனசில்லை.)

சமையல்கட்டில் ஒரு தகரம் எண்ணெய் இருந்தது. எடுத்து வந்தேன். குத்தவைத்து, பின்னாலேயே நகர்ந்து, உள்பக்கத்திலிருந்து தெருவாசல் வரை பூசினேன். காய்ந்த துணியைத் தொடவில்லை. பாடுபட்டு ஏற்றிய மினுமினுப்பை நானே எதற்குத் துடைக்க வேண்டும்?

குனிந்து பார்த்தேன். தரையில் என் மீசை தெரிந்தது. வலது பக்கம் ஒரு முடி நரைத்திருந்ததை அன்றுதான் கண்டேன்.

காலையில் எல்லோரும் பக்கத்துச் சந்து வழியாகத்தான் வந்து போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை முகப்பில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று நானே கயிறு கட்டியிருந்தேன். தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. அவர்கள் நாட்டரசன்கோட்டையிலிருந்து வந்துவிட்டார்கள். நான் கயிற்றை அவிழ்த்துவிட்டு, தரைக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று வாசல் குழாயில் காலைக் கழுவினேன். அப்போது உள்வாசலில் ஆச்சி வந்து நின்றார். அவர் பின்னால் மற்ற நாலு பேரும்.

"இவன்தானா கருப்பையா? இங்குட்டு வாப்பா."

நடந்து போயிருக்கலாம். சுறுசுறுப்பைக் காட்டலாம் என்று ஓடினேன்.

முதலில் கால் போனது. பிறகு நான் போனேன். முதுகுதான் முதலில் தரைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஏதோ ஒன்று, விறகு பிளக்கிற மாதிரி, "டக்" என்றது. உத்தரத்தில் இத்தனை வேலைப்பாடு இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் ஆச்சி.

"ஒண்ணுமில்ல."

"எந்திரி."

"வேணாம்."

"வேணாமா? மாப்பிள்ளை வீடு வர்ற நேரத்துல நடுவீட்டுல மல்லாந்து கெடந்துக்கிட்டு, வேணாமாம்ல?"

என்னைத் தூக்கிவிட சுந்தரம் அண்ணன் வந்தார். மூன்று எட்டு வைத்தார். நாலாவதில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார வந்தவர் இல்லை. என் காதருகே குனிந்து கேட்டார்.

"என்னத்தடா பூசுன?"

"எண்ணெய்."

"எம்புட்டு?"

"தகரத்துல இருந்தது."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"சுந்தரம், நீ ஏன் அங்க உக்காந்திருக்க?" என்றார் ஆச்சி.

"சும்மாதான் ஆச்சி. பேச்சுத் துணைக்கு."

மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஆரத்திக்கு நிற்பது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அவர்களை வரவேற்க ஆச்சி புடவையைச் சற்றுத் தூக்கி வலது காலை எடுத்தார். அறுபத்தைந்து வயதுக் கால். அண்ணன் சமாளித்துவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு கிடந்தால், கால் இடறி விழுந்தேன் என்று ஆகிவிடும், அறையும் கிடைத்துவிடும். வாயைத் திறந்தால் அறை போச்சு. காலோ பாதி தூரம் வந்துவிட்டது.

"ஆச்சி, கால வைக்காதீக! தரை பூரா எண்ணெய். நான்தான் பூசினேன்."

கல்யாணமான நாளிலிருந்து நான் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை என்று வள்ளி இன்றும் சொல்கிறாள்.

ஆச்சியின் கால் அந்தரத்தில் நின்றது. மெதுவாகத் திரும்பிப் போனது. வள்ளி வாசல் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"மேளக்காரரே, நிறுத்தாதீக! இன்னொரு பாட்டு வாசிங்க! உள்ள யாரையும் விடாதீக!"

சமையல்கட்டுக்கு ஓடிப்போய் கடலை மாவு மூட்டையை இழுத்து வந்தாள். தரையில் வாரி வாரி இறைத்தாள்.

"ஏத்தா, அது சாயங்காலம் பஜ்ஜிக்கு வச்சது!" என்று மாஸ்டர் கரண்டியை ஓங்கினார்.

"இப்ப மாப்பிள்ளை விழுந்தா சாயங்காலம் பஜ்ஜிய எவன் திங்கிறது? கரண்டியப் போட்டுட்டு இந்த மனுசனப் பிடிங்க."

காலிச் சாக்கை என் முதுகுக்கடியில் கொடுத்தார்கள். மாவு இறைத்த இடத்தில் நின்றுகொண்டு வள்ளி ஒரு முனை, மாஸ்டர் ஒரு முனை. கனத்த உடம்பாயிற்றே என்று மூட்டை இழுக்கிற பலத்தோடு ஒரே இழு இழுத்தார்கள். நான் கிடந்த இடத்தில் இன்னும் மாவு விழவில்லை. நான் அவர்களைத் தாண்டிப் போனேன். ஆச்சியைத் தாண்டிப் போனேன். போகிறபோது கையெடுத்துக் கும்பிட்டேன் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை. உள்முற்றத்து வளவில் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள்தான் என்னை நிறுத்தின.

வீடியோத் தம்பி ஒன்றையும் விடவில்லை. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நான் போகிறேன். நாதசுரத்தோடு. மெதுவாக ஓடும்படி வேறு செய்திருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை, ஜவ்வு நகர்ந்திருக்கிறது என்றார்கள். டாக்டர் சின்னப் பையன்.

"வலி எவ்வளவு இருக்கு? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

சரி என்று நாலு மாத்திரையை எழுதி அனுப்பிவிட்டார். ஆட்டோவில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வள்ளி என் சட்டையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிப்போனாள்.

"டாக்டர், எட்டுன்னு போட்டுக்கங்க. இவுக சொல்லுறத நம்பி வைத்தியம் பாத்தா போஸ்ட்மார்ட்டத்துலதான் நோவு தெரியும்."

ஒரு மாதம் படுக்கை. இடுப்புக்குப் பட்டை. இன்றும் மழை வருவது வானிலை அறிக்கைக்கு முன்பே எனக்குத் தெரியும். வீட்டில் யாராவது "ஒண்ணுமில்ல" என்றால், "பத்துக்கு எத்தனை?" என்று என் பொண்ணு கேட்பாள். இப்போது மருமகனும் கேட்கிறார்.

நான் படுத்திருந்தபோது ஆச்சி சென்னைக்குக் கிளம்பும் முன் வந்து பார்த்தார். கேட்டுவிடுவது என்று வள்ளி முந்திக்கொண்டாள்.

"ஆச்சி, அந்தக் காவல் வேலை..."

"தரையில எண்ணெய ஊத்துற காவல்காரன நான் எங்கயும் பாத்ததில்ல," என்றார் ஆச்சி.

வள்ளி தலையைக் குனிந்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"ஆனா அந்தச் சுந்தரம் பேச்சுத் துணைக்கு உக்காந்திருந்தேன்னான். இவன் ஒருத்தன்தான் உள்ளதச் சொன்னான். பின்கட்டுச் சாவிய வாங்கிக்க. ஒண்ணு மட்டும் சொல்லிப்புட்டேன். இனி இந்த வீட்டுல எந்தக் கல்யாணம்னாலும், மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால இவன் நடக்கணும். இவன் விழுகலைன்னாத்தான் அவுகள உள்ள விடணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. இன்றுவரை மாப்பிள்ளை வாசலில் மாலையோடு நிற்பார். மேளம் நிற்கும். சுந்தரம் அண்ணன் போனைத் தூக்கிப் பிடிப்பார், அதில் சென்னையிலிருந்து ஆச்சி பார்த்துக்கொண்டிருப்பார். நான் இடுப்புப் பட்டையோடு தெருவாசலிலிருந்து உள்வாசல் வரை தனியாக நடப்பேன். போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். அதன் பிறகுதான் ஆரத்தி.

இதுவரை நாற்பத்து மூன்று கல்யாணம்.