நிலைத்தன்மைச் சான்றிதழ்

சுகாதாரத் துறையின் வண்டிகள் முதலில் சுகமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இருந்ததில்லை. ஆகவே வாகனப் பிரிவுக்கு, எஞ்சின் கோளாறைத் திரையில் காட்டும் ஒரு ஸ்கேனர் வாங்கப்பட்டது. அதைப் பற்றி மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிரிவு அதிகாரிக்கு கிராஃப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கழிப்பறைக் கதவில்கூட ஒரு வரைபடம் தொங்கியது. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே 'கிராஃப்'தான்.

மெக்கானிக்குக்கு ஸ்கேனர் வந்ததில் சந்தோஷம். தடுப்பூசி வேன், மலைப்பாதை வளைவில் வேகத்தைக் குறைத்தால் போதும், பொசுக்கென்று அணைந்துவிடும். அதில் தினமும் போகிறவள் அவருடைய மனைவி, நர்ஸ். "என்னங்க, இன்னைக்கு ஏறலாமா?" என்று காலையில் கேட்பாள். இவர் உள்ளதைச் சொல்வார். "ஏறு. ஆனா பள்ளத்துப் பக்கம் உக்காராத."

ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் ஓடினார்.

"சார், ஃப்யூவல் டிரிம் பிளஸ் இருபத்தஞ்சு! காத்துக் குழாய்ல விரிசல். கணக்குல வராத காத்து உள்ள போகுது. அதைச் சென்சார் போட்டுக்குடுக்க, கம்ப்யூட்டர் இருபத்தஞ்சு சதவீதம் கூடுதலா பெட்ரோல் ஊத்திச் சமாளிக்குது. ஒரு ஜாண் ரப்பர் குழாய் குடுங்க, போதும்."

"காத்து சும்மாதானே வருது? அதை ஏன்யா தடுக்கணும்?" அதிகாரி திரையைத் தட்டினார். "அது கிடக்கட்டும். இது என்ன, மேலயும் கீழயும் குதிக்குது?"

"அதான் சார் ஆக்சிஜன் சென்சார். பெட்ரோல் கூட, குறைச்சல்னு மாத்தி மாத்திச் சொல்லணும். ஆடினாத்தான் உயிரோட இருக்கு. அசையாம நின்னா செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"நிமிஷத்துக்கு அறுபது தடவை பேச்சை மாத்துற ஒண்ணை நம்பியா நம்ம துறை வண்டி ஓட்டுது? நல்லா இருக்கே!"

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ஃப்யூவல் டிரிம் பூஜ்யமாக இருத்தல் வேண்டும். சென்சார்கள் ஊசலாடும் மனப்பான்மையைக் கைவிட்டு ஒரே அளவைக் காட்டுதல் வேண்டும். வெள்ளிக்கிழமை இயக்குநர் பார்வையிடுவதால் தவறுவோர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும். குழாய் கேட்டு எழுதிய மனுவும் கூடவே திரும்பி வந்தது: 'அளவீடு சரியாக உள்ள வண்டிகளுக்கு மட்டுமே குழாய் வழங்க இயலும்.' விரிசலில் தானே டேப் சுற்றலாம் என்றால், முன்பு அப்படிச் செய்த ஒருவர் 'அனுமதியற்ற ஒட்டுதல்' என்று மெமோ வாங்கி, இன்னும் அதற்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

மெக்கானிக் என்னதான் செய்வார், பாவம்! பழைய சாமான் அறையில் ஒரு செத்த சென்சாரைத் தேடியெடுத்து வேனில் மாட்டினார்.

அடடா, என்ன நேர்த்தி! கோடு நூல் பிடித்தாற்போல் நின்றது. சென்சாரிடமிருந்து ஒரு தகவலும் வராததால் கம்ப்யூட்டர் திருத்துகிற வேலையையே விட்டுவிட்டது. டிரிம் பூஜ்யம். இதுவரை கூடுதலாக ஊற்றிச் சமாளித்ததும் அத்தோடு போயிற்று. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட விளக்கு மட்டும் எரிந்தது. 'வண்டியில் எஞ்சின் உள்ளது என்பதற்கு இதுவே சான்று' என்று அதிகாரி கோப்பில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை ஷெட்டில் மனைவி வழக்கம்போல் கேட்டாள். "ஏறலாமா?"

பக்கத்தில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு," என்றார் மெக்கானிக்.

"அப்பாடா! இன்னைக்காவது ஜன்னலோரமா வேடிக்கை பாத்துட்டுப் போறேன்," என்று அவள் பள்ளத்துப் பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மெக்கானிக் ஜன்னலை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். வேன் கிளம்பிவிட்டது.

மதியம் இயக்குநர் வந்தார். நேர்கோடுகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். "வண்டியெல்லாம் எப்படிய்யா இருக்கு?"

"நல்லா இருக்குங்க சார்," என்றார் மெக்கானிக்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள். முழங்கால்வரை சேறு, தோளில் தடுப்பூசிப் பெட்டி. பின்னால் டிரைவர். மூன்றாவது வளைவில் வேன் அணைந்து, பின்னோக்கி உருண்டு, ஓரத்துப் பாறை ஒன்று தடுத்ததால் இருவரும் பிழைத்து நடந்து வந்திருந்தார்கள்.

"என்னங்க, இப்பச் சொல்லுங்க. வண்டி எப்படி இருக்கு?"

மெக்கானிக் அவளைப் பார்த்தார். உயிரோடு வந்துவிட்டாளே என்று ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அதிகாரி அவரைப் பார்த்தார். இயக்குநரும் பார்த்தார்.

"நல்லா இருக்கு."

"பிரமாதம்!" என்றார் இயக்குநர். "ரெண்டு பேர் கேட்டோம், ரெண்டு தடவையும் ஒரே பதில். ஏற்ற இறக்கமே இல்ல! இவருக்கு ஒரு சான்றிதழ் போடுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவரும் தட்டினார். தட்டத் தட்ட அவர் கையிலிருந்து சேறு உதிர்ந்தது.

மறுநாள் காலை மனைவி குடையை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். மெக்கானிக் வாசல்வரை ஓடி வந்தார்.

"ஏம்மா, வண்டியை இழுத்துட்டு வந்தாச்சே, அதுல போகலையா?"

"ஏறலாமான்னு கேக்க எனக்கு ஆளில்லையே," என்றாள் அவள்.