கோல் வராத கோல்ப்

இனிமேல் சனிக்கிழமைகளில் கோல்ப் விளையாடப் போகிறேன் என்று ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். என் மனைவி ஸுஹைறா இடியப்பத்தின் மேல் சொதி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றிய கை நிற்கவில்லை. அந்த விளையாட்டில் எத்தனை குழி என்று மட்டும் கேட்டாள். ஒன்பது என்றேன்.

"ஒம்பதா? மனிசனுக்கு ஒண்டு காணுமே மச்சான்."

ஐம்பத்தாறு வயதுக்காரனிடம் காலையிலேயே கபுறுக்குழியை ஞாபகப்படுத்தலாமா? ஆனாலும் நான் கோபிக்கவில்லை. எனக்குக் குழியும் முக்கியமில்லை, பந்தும் முக்கியமில்லை. அந்த மைதானத்தின் வாசலில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். என் வாழ்க்கையை மாற்றப்போவது அந்தப் பலகைதான் என்று நம்பினேன். மாற்றத்தான் செய்தது. நான் நினைத்த பக்கம் அல்ல.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஷரிபுதீன். கல்முனை பஸாரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். குடியிருப்பது சாய்ந்தமருதில், ஸுஹைறாவின் சீதன வீட்டில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்கள் பெரும்பாலும் மனைவி வீட்டில்தான் இருப்போம். அதனால் 'என் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம்' என்று எந்த இடத்திலும் வாய் திறக்க முடியாது. எந்த வீடு என்று கேட்டுவிடுவார்கள்.

ஸுஹைறா கணக்கு டீச்சர். இருபத்தெட்டு வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிக்கிறாள். என் நாளையும் அப்படியே துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். கடை திறந்ததும் போனில் ஒரு கோல். பாடசாலை இடைவேளையில் ஒரு கோல். சொதிக்குப் புளி விடத் தேசிக்காய் வாங்கி வாங்க என்று ஒரு கோல். வாங்கினீங்களா என்று ஒரு கோல். வாங்கின தேசிக்காயின் தோல் மெல்லிசா மொத்தமா என்று இன்னொரு கோல். பள்ளிவாசலில் போனை அணைக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் லுஹர் தொழுகை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இமாம் ஸலாம் கொடுத்து, நான் போனை உயிர்ப்பித்து, ஒரு கால் செருப்புப் போடுவதற்குள் அவள் வந்துவிடுவாள்.

ஒரு கிழமை இது தாங்க முடியாத அளவுக்குப் போனது. ஒரே நாளில் பதினைந்து கோல். வாடிக்கைக்காரர் வெள்ளை கேட்டார், நான் கறுப்பைக் கலக்கிக் கொடுத்தேன்.

அந்தக் கிழமையில்தான் றிஷாட் வந்தான். எங்களுக்குப் பெயின்ட் கொடுக்கிற கொம்பனியின் ரெப். கோமாரிப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் பழைய தென்னந்தோட்டத்தைத் திருத்திப் புல் வளர்த்துச் சின்னதாக ஒரு கோல்ப் மைதானம் போட்டிருப்பதாகவும், நல்ல கடைக்காரர்களைக் கொம்பனி அங்கே கூட்டிப்போவதாகவும் சொன்னான். அவனுடைய வாகனத்திலேயே போய் வரலாம், என் காரை எடுக்கத் தேவையில்லை என்றும் சொன்னான். அது எனக்கு இன்னும் பிடித்தது. என் கார் ஒரு சின்ன வெள்ளைக் கார். அதன் மேல் காகம் இருந்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்.

போய்ப் பார்த்தேன். வாசலில் அந்தப் பலகை. 'மைதானத்தினுள் கைத்தொலைபேசி ஒலிக்கக் கூடாது. அணைத்து வைக்கவும்.' ஒருவர் பந்தை அடிக்கும்போது மற்றவர் இருமக்கூடாதாம். அப்படியான இடத்தில் போன் அடித்தால் எப்படி இருக்கும் என்று றிஷாட் விளக்கினான். ஒரு ஆட்டம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். கோல் வராத விளையாட்டுக்குக் கோல்ப் என்று பெயர் வைத்த மனிதன் நல்லாயிருக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே துஆ கேட்டேன்.

இதையெல்லாம் ஸுஹைறாவுக்குச் சொன்னபோது அவள் இடியப்பத்தை மறந்து கேட்டாள்.

"சத்தம் வராம, அதிர்ற மாதிரி வச்சாலும் ஏலாதா?"

"அதிர்ந்தா பந்து அசையும்."

"அவசரமெண்டா?"

"வாசல்ல ஒரு பெட்டி இரிக்கி. போனை அதுக்குள்ள போட்டுப் பூட்டிருவாங்க."

அப்படிப் பெட்டி ஒன்றும் அங்கே கிடையாது. வாயில் வந்துவிட்டது.

"அப்ப எத்தின மணிக்கி ஊட்ட வருவீங்க?"

"ரெண்டு மணிக்கி முந்தி ஏலா."

"செரியா ரெண்டா? முந்தி வந்துர மாட்டீங்களே?"

பாவம், என்னைப் பிரிந்திருக்கக் கவலைப்படுகிறாள் என்று நினைத்தேன். மனம் இளகி, கட்டாயம் ரெண்டுதான் என்று உறுதி சொன்னேன். அவள் எழும்பிப்போய்க் கலண்டரில் சனிக்கிழமைகளை வட்டம் போட்டாள்.

இதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அக்கரைப்பற்றுப் பாடசாலை ஒன்றுக்குப் பிரதி அதிபராகப் போகச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. நாலு மாதத்தில் பொறுப்பெடுக்க வேண்டும். எப்படிப் போய் வருவது என்று கேட்டாள். பஸ் சரிவராது, நான் கொண்டுபோய் விட்டால் கடை திறக்க ஏலாது என்று சொன்னேன். அப்படியென்றால் தனக்குக் காரோட்டப் பழக்கிவிடச் சொன்னாள். அவள் அதைக் கேட்கத் தொடங்கி அது ஒன்பதாவது வருடம். எட்டு வருடமும் சொன்ன பதிலையே சொன்னேன். நான் இரிக்கன்தானே, உனக்கு என்னத்துக்கு? வேணாமெண்டு எழுதிக் குடு என்றேன். பாப்பம் என்றாள். பிறகு அந்தக் கதையை எடுக்கவே இல்லை. நானும் வென்றுவிட்டதாக நினைத்து மறந்துபோனேன்.

கோல்ப் நன்றாகப் போனது. விளையாட்டைச் சொல்லவில்லை. நான் அடித்தால் பந்து இருந்த இடத்தில் இருக்கும், புல் மட்டும் பறக்கும். நான் நடந்துபோன பாதையில் உழாமலே வேளாண்மை செய்யலாம் என்று மைதானத் தலைவர் முனாப் டொக்டர் சொன்னார். ஓய்வுபெற்ற கண் டொக்டர். ஒழுங்கு என்றால் உயிரை விடுவார். ஆனால் அந்த அமைதி இருக்கிறதே! கடற்காற்றும் தென்னோலைச் சத்தமும்தான். தேசிக்காய் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாலு சனிக்கிழமையும் நான் இந்த உலகத்திலேயே இல்லை.

ஐந்தாவது சனிக்கிழமை போனை உயிர்ப்பித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஒரு தவறிய கோல்கூட இல்லை. முதல் நாலு கிழமையும் அப்படித்தான் இருந்திருக்கிறது, சந்தோசத்தில் நான் கவனிக்கவில்லை. அணைத்திருக்கிற போனுக்கு ஏன் கோல் எடுப்பாள் என்று மனதைத் தேற்றினேன். அடுத்த கிழமை ஒரு தென்னைமரத்துக்குப் பின்னால் மறைந்து நானே அவளுக்கு எடுத்தேன். அவளுடைய போன் அணைக்கப்பட்டிருந்தது. அவள் போன் வாங்கின நாளிலிருந்து அது அணைந்து நான் கண்டதில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டதற்குச் சார்ஜ் இல்லை என்றாள். அதற்கடுத்த கிழமையும் சார்ஜ் இல்லை.

வேறு சில மாற்றங்களும் நடந்தன. காரில் ஏறினால் என் வயிறு ஸ்டீரிங்கில் முட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை முட்டாத வயிறு ஞாயிற்றுக்கிழமை முட்டியது. கோல்ப் ஹோட்டலில் தின்கிற கட்லட்தான் காரணம் என்று பயந்து, இரவுச் சோற்றைப் பாதியாகக் குறைத்தேன். ஸுஹைறா நல்ல யோசனை என்று சொல்லி அந்தப் பாதியையும் பாதியாக்கினாள். இன்னொரு அதிசயம், காரில் பெற்றோல் குறையவில்லை. சில கிழமைகளில் முள் ஏறியும் இருந்தது. என் காரைப் போல எண்ணெய் குடிக்காத கார் கிழக்கு மாகாணத்திலேயே இல்லை என்று கடையில் எல்லோரிடமும் பெருமை பேசினேன்.

ஆனால் மனம் நிம்மதியில்லை. பதினைந்து கோல் வந்தபோது பொறுக்க முடியவில்லை. ஒன்றும் வராதபோது அதைவிடப் பொறுக்க முடியவில்லை. பந்தை அடிக்கப்போனால் அவள் முகம் தெரிந்தது. பந்து வழக்கம்போல நின்றது.

கடைசிச் சனிக்கிழமை அது. அன்று முனாப் டொக்டருக்கு நல்ல ஆட்டம். ரெண்டு வருடமாக அவர் ஒன்பது குழியையும் நாற்பதே அடி அடித்து முடிக்க முயன்று வருகிறார். அன்று முப்பத்தொன்பது அடி முடிந்து, பந்து கடைசிக் குழிக்கு மூன்று முழத் தூரத்தில் நிற்கிறது. நான் அதற்கு முன்பே மரத்துக்குப் பின்னால் போய் ஆறு தரம் ஸுஹைறாவுக்கு எடுத்துவிட்டு, போனைக் காலில் போட்டிருந்த கால்மேசுக்குள் செருகிக்கொண்டு வந்திருந்தேன். அணைக்க மறந்துபோனேன்.

டொக்டர் குனிந்தார். எல்லோரும் மூச்சை அடக்கினோம். அவர் மட்டை பந்தைத் தொடுகிற நேரம் என் காலுக்குள் இருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"மச்சான், போனை எடுங்க. மச்சான், போனை எடுங்க."

எங்கள் மகள் ஆதிலா போன பெருநாளைக்கு வந்தபோது செய்துவிட்டுப் போன வேலை. உம்மாவின் கோல் வந்தால் மணி அடிக்காது, உம்மாவே பேசுவாள். அதை எப்படிக் கழற்றுவதென்று எனக்குத் தெரியாது. டொக்டரின் பந்து குழியைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, மணல் பள்ளத்துக்குள் போய்ப் படுத்தது.

டொக்டர் மட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். பிறகு மெதுவாக, "உங்கட ஊட்டுக்காரி கூப்பிடுறா ஷரிபுதீன். போய்க் கதைங்க. மறுகா இந்தப் பக்கம் வராதீங்க," என்றார்.

றிஷாட் மற்றக் கடைக்காரர்களை விட்டுவிட்டு வர முடியாது. நான் தனியாக வாசலுக்கு நடந்து, அந்தப் பலகைக்குக் கீழே நின்று அவளுக்கு எடுத்தேன். உடனே எடுத்தாள். ஆறு தரம் எடுத்திருக்கிறீர்களே, ஆரும் மௌத்தாகிப் போனாங்களா என்று பதறினாள். நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸைப் பிடித்து வருகிறேன் என்றேன்.

"அங்கயே நில்லுங்க. நான் வாறன்."

சாய்ந்தமருதிலிருந்து கோமாரிக்கு ஓட்டோவில் வருவதென்றால் அசர் தொழுகைக்குத்தான் வந்து சேர்வாள் என்று நினைத்துப் பலகை நிழலில் குந்தினேன். அரை மணித்தியாலத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. என்னுடையதைப் போலவே இன்னொருவரும் வைத்திருக்கிறார் என்று பார்த்தேன். இலக்கமும் என்னுடையதைப் போலவே இருந்தது. ஓட்டி வந்தவளும் என்னுடைய மனைவியைப் போலவே இருந்தாள்.

ஒரே திருப்பில் காரைக் கொண்டுவந்து என் காலுக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள். நான் அந்த இடத்தில் மூன்று தரம் முன்னே பின்னே போய்த்தான் நிறுத்துவேன். பக்கத்து ஆசனத்தில் ஒரு அம்மா இருந்தார். பெரியநீலாவணை பூமணி, பெண்களுக்குக் காரோட்டப் பழக்குகிறவர். மூன்று மாதமாகச் சனிக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து ஒன்றரை மணி வரை டீச்சர் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று எனக்குப் புகழ்ந்து சொன்னார். லைசன் வியாழக்கிழமை கிடைத்ததாம். இன்று புதுப் பாடசாலைக்குப் போகிற பாதையை ஓடிப் பார்க்க அக்கரைப்பற்றுக்கு வந்த இடத்தில்தான் என் ஆறு கோலையும் கண்டிருக்கிறார்கள்.

முன் ஆசனத்தில் இடமில்லை. என் காரின் பின் ஆசனத்தில் நான் ஏறி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தபோது ஸுஹைறாவின் ஆசனம் எவ்வளவு முன்னுக்கு இழுபட்டிருக்கிறது என்பது தெரிந்தது. அவள் ஆள் கட்டை, கால் எட்ட வேண்டுமே. மூன்று மாதமாக நான் பட்டினி கிடந்தது அந்த ஆசனத்துக்காக.

திருக்கோயில் ஊரைத் தாண்டும் வரை ஆசனங்களுக்கு நடுவால் பாதையை எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு, ஏன் போனை அணைத்து வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

"ஓட்டேக்க போன் கதைக்கப்படாது. உங்கட விளையாட்டுக்கு ஒரு ஒழுங்கு இரிக்கிற மாதிரி இதுக்கும் இரிக்கிதானே."

"நான் கோல்புக்குப் போறது உனக்கு நல்ல வசதியாப் போயிட்டு."

பூமணி அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தார். ஸுஹைறா கொஞ்சம் யோசித்து, சொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவள் போலச் சொன்னாள்.

"றிஷாட் என்னிட்டக் கணக்குப் படிச்ச பொடியன். உங்களைச் சனிக்கிழமையில எங்கயாவது கூட்டிப் போகச் சொல்லி நான்தான் கேட்டன். முதல்ல தோணியில மீன்பிடிக்கக் கூட்டிப் போறன் எண்டான். உங்களுக்குத் தலை சுத்திச் சத்தி வருமெண்டு நான்தான் வேணாமெண்டன்."

"அப்ப அந்தப் பதினஞ்சு கோலும்?"

"அவன் சும்மா கூப்பிட்டா நீங்க போவீங்களா?"

நான் பின் ஆசனத்தில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். கோபம் வருமென்று பார்த்தேன். வரவில்லை. வேகம் கூடாமல் குறையாமல், குழி வரும் இடமெல்லாம் விலக்கி, அவள் ஓட்டுகிற விதம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் மனம் வரவில்லை.

அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரம் தாண்டியதும் தன் புதுப் பாடசாலையின் பக்கம் கையைக் காட்டினாள். திங்கட்கிழமை பொறுப்பெடுக்கிறாளாம். சம்மதக் கடிதத்தை, நான் வேணாமென்று எழுதச் சொன்ன அடுத்த நாளே அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்குக் காரை எடுத்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாமென்றும் சொன்னாள்.

"அப்ப நான் கடைக்கி எப்பிடிப் போற?"

முன் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தாள். முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது.

"பஸ்ஸில போங்க மச்சான். அதுக்குள்ள எவ்வளவு நேரமும் போன் கதைக்கலாம்."