ஸஹானாவை யார் தூக்குவது?

மயிலாப்பூர்,
ஞாயிறு காலை

அடையாறு அத்திம்பேருக்கு, மைத்துனன் வெங்கடரமணன் அநேக நமஸ்காரம். இங்கு எல்லோரும் சௌக்கியம். என் வலது முழங்கால் விசேஷ சௌக்கியம். போனில் பேசினால் பாதியிலேயே அக்காவிடம் கொடுத்துவிடுகிறீர்கள் என்பதால் எழுத்தில் தருகிறேன்.

மாலை மாற்றும்போது கல்யாணப் பெண்ணைத் தோளில் தூக்குவது தாய்மாமன் உரிமை. ஸஹானா பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் வைத்து அந்த உரிமையை நான் ரிசர்வ் செய்தாகிவிட்டது. அப்படியிருக்க, "வெங்கட்டுக்குத்தான் முட்டி போயிடுத்தே, சமையல் காண்டிராக்டர் ஆள் ஒருத்தன் தூக்கட்டும்" என்று நாலு பேர் முன்னால் சொன்னீர்கள். ஆத்துக்கு வந்து அழுதேன் அத்திம்பேர், நிஜமாகவே அழுதேன்.

அறுபத்துமூவர் அன்று இலவச நீர்மோருக்குப் பாய்ந்து, மாட வீதியில் வழுக்கி, முழங்கால் லிகமென்ட் பாதி கிழிந்தது உண்மைதான். ஆனால் டாக்டர் ஜஹீதா என் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை உறிஞ்சி, அதிலிருந்து செல்களைப் பிரித்து, முழங்காலுக்குள் ஊசி போட்டு ஏற்றி, "எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன் சார், எக்சர்சைஸ்தான் பாதி வைத்தியம்" என்றார். பக்கத்திலிருந்த என் சகதர்மிணி விசாலாக்ஷி, "இவர் இடுப்புல இத்தனை வருஷமா சும்மா உட்கார்ந்துண்டிருந்த செல்தானே டாக்டர், முட்டிக்குப் போனா மட்டும் வேலை பண்ணிடுமா?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். அந்த ரோஷத்தில்தான் மாதக்கணக்காகச் சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன்.

போன வாரம் ஸ்கேன் பார்த்துவிட்டு, "பொண்ணைத் தூக்கலாம், ஆனா டான்ஸ் ஆடக் கூடாது" என்று டாக்டர் உத்தரவு கொடுத்தார். நேற்று ஒத்திகை. எங்கள் வாட்ச்மேன் கனகராஜுக்கு மாலை போட்டு, தோளில் ஏற்றிக்கொண்டு, கார்கள் நிற்கிற இடத்தை முழுசாகச் சுற்றி வந்தேன். "எறக்கி வுடு சார்! இன்னா சார் இது, தெருவே பாத்துக்கினு கீது!" என்று அவர் அலற, மாடியிலிருந்து மாமிகள் கைதட்ட, விசாலாக்ஷி வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். முட்டி முனகக்கூட இல்லை. ஜெயிச்சுட்டேன் அத்திம்பேர்!

ஆகவே சமையல் ஆளை வாழைக்காய் நறுக்கச் சொல்லவும். அக்காவுக்கு நமஸ்காரம். ஸஹானா தீர்க்க சுமங்கலியாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தோள் தயாராக,
வெங்கடரமணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஸஹானா போன் செய்தாள். மாப்பிள்ளை ஸ்ரீகிருஷ்ணாவைத் தூக்க வேண்டிய அவர் மாமா என் வீடியோவைப் பார்த்து வீறாப்பாகத் தானும் ஒத்திகை பார்த்தாராம்; இப்போது முட்டியில் கட்டோடு படுத்திருக்கிறார். "ஸ்ரீகிருஷ்ணாவைத் தூக்க உன்னை விட்டா ஆள் இல்லை மாமா. என்னை அப்பா தூக்கட்டும்" என்று குழந்தை கெஞ்சினாள். மாப்பிள்ளையின் ஆகிருதி உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சரி என்றுவிட்டேன். நீங்களும் இன்றே சுவரோரமாக உட்கார ஆரம்பிக்கவும். டாக்டர் ஜஹீதாவின் நம்பரை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.