நெவிலுக்கு எதுவானாலும் சரி

பிடிவாதக்காரர்களால் உலகத்துக்குப் பெரிய தொல்லை ஒன்றும் கிடையாது. 'எனக்கு ஜன்னலோரம்தான் வேணும்' என்று அடம்பிடிக்கிறவனை ஜன்னலோரமாக உட்காரவைத்துவிட்டால் தீர்ந்தது, மற்றவர்கள் நிம்மதியாக ஊர் போய்ச் சேரலாம். இங்கே சொல்லவந்தது வேறு ரகம். முகத்தில் சாந்தம் வழிய, இரண்டு கையையும் விரித்து, 'எனக்கு எதுவானாலும் சரிப்பா, உங்க இஷ்டம்' என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் ரகம். இவரை நம்பி ஒரு சினிமாவுக்குக்கூடக் கிளம்பாதீர்கள்.

இவருக்கு ஆசையே இல்லை என்றா நினைக்கிறீர்கள்? உண்டு. ஒன்றே ஒன்று, மலை மாதிரி. ஆனால் அதை அவர் வாயால் சொல்லமாட்டார். நீங்கள் சொல்லவேண்டும். சுற்றிச் சுற்றி வந்து, மற்ற வழியெல்லாம் அடைத்து, கடைசியில் உங்கள் வாயிலிருந்தே அதை வரவழைத்துவிட்டு, 'அட, நீங்க சொன்னா சரிதான்' என்று பெருந்தன்மையாகத் தலையாட்டுவார். பலன் அவருக்கு, பழி உங்களுக்கு.

இங்கிலாந்தில் இந்த ரகம் எல்லா ஊரிலும் விளைகிறது. ஆனால் நாரிச் நகரத்துப் பல் டாக்டர் நெவிலைப்போல முற்றிய கதிரைப் பார்ப்பது அபூர்வம். தொழில் அப்படி. ஒருவர் வாய்க்குள் இரண்டு கருவிகளை நுழைத்துவிட்டு, 'லீவெல்லாம் எப்படிப் போச்சு?' என்று விசாரித்து, அவர் 'ஆ... ஆ...' என்பதைத் தன் சௌகரியம்போல் அர்த்தம் செய்துகொண்டே வயது ஐம்பத்தைந்து ஆகிவிட்டது. வீட்டிலும் அதே முறைதான், கருவி மட்டும் இல்லை.

வருஷா வருஷம் பிப்ரவரியில் நெவிலும் மனைவி ஜூடித்தும், அவர்களுடைய நண்பர்கள் கீத், பெர்னிஸ் தம்பதியும் பனிச்சறுக்கு விளையாட ஆல்ப்ஸுக்குப் போவார்கள். சுற்றுவட்டாரத்தில் சைக்கிள் மிதிக்கச் சிரமப்படுகிற அளவுக்குக்கூட ஒரு மேடு இல்லாத ஊர்க்காரர்களுக்கு மலைமேல் அப்படியொரு மோகம். அங்கே தங்க மூன்று வழி. ஒன்று, ஹோட்டல். இரண்டு, ஷாலே என்கிற மர வீடு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தங்குவார்கள், சமைத்துப்போட ஒரு பெண் இருப்பாள், சாயங்காலம் வந்தால் கேக்கும் தேநீரும் தயாராக இருக்கும். மூன்று, சொந்தச் சமையல் ஃபிளாட். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஆனால் சொந்தம் யாருக்கு, சமையல் யாருக்கு என்பதை மட்டும் விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

ஜூடித்துக்குத் தெரியும். இத்தனை வருஷமும் ஃபிளாட்தான், சமையல் அவள்தான். நாலு பேரில் நிஜமாகச் சறுக்கத் தெரிந்தவளும் அவள்தான். மற்ற மூவரும் விழுவதற்கும் எழுவதற்கும் நடுவில் கொஞ்சம் சறுக்குவார்கள், அவ்வளவே. ஆனால் மத்தியானம் சாய்ந்ததும் மற்றவர்கள் வெயிலில் உட்கார்ந்து சூடான ஒயினை உறிஞ்ச, அவள் கீழே இறங்கி, கடைக்குப் போய், மூட்டையைச் சுமந்துவந்து, இரண்டே இரண்டு மின்னடுப்பு உள்ள மேடையில் பாஸ்தாவைக் கொதிக்கவிடுவாள். தலைக்குமேலே கொடியில் எல்லாருடைய ஈரக் காலுறைகளும் தொங்கும். ஜன்னல் வழியே பார்த்தால் மலை காலியாகிக்கொண்டிருக்கும். கூட்டமெல்லாம் இறங்கிப்போன பிறகு, கடைசி ரோப் காரில் உச்சிக்குப் போய், ஆளில்லாத சரிவில் சாயங்கால வெயிலோடு கீழே வரவேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஒருதரம்கூட நடந்ததில்லை.

அதனால் இந்த வருஷம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"நெவில், நல்லாக் கேட்டுக்கோ. இந்தத் தடவ நான் கரண்டியத் தொடமாட்டேன். கடைசி வண்டி நிக்கிற வரைக்கும் மலைலதான் இருப்பேன்."

"தாராளமா இரு கண்ணு! ஹோட்டலோ, ஷாலேயோ, உனக்கு எது பிடிக்குதோ அதப் போடு. எனக்கு எதுவானாலும் சரி."

பாவம், அவளும் நம்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நம்பினாள் என்றால் அவள் எவ்வளவு நல்லவள் என்று பாருங்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடிவெடுப்பதற்காகவே கீத்தையும் பெர்னிஸையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வறுத்த மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, அதன்மேல் குளம்போல் கிரேவி. ஜூடித் முதலில் ஹோட்டலை எடுத்தாள்.

"பிரமாதம்" என்றார் நெவில். இந்த ரகம் எப்போதும் பாராட்டில்தான் ஆரம்பிக்கும். "ஹோட்டல்னா ஹோட்டல்தான். ஆமா, சும்மா ஒரு கேள்வி, காலைச் சாப்பாட்ட எத்தன மணிக்கு எடுத்துருவாங்களாம்?"

"ஒன்பதரைக்கு."

"எனக்கொண்ணுமில்ல, நான் கோழியோட எந்திரிக்கற ஆளு. பெர்னிஸத்தான் நெனச்சேன். வருஷத்துக்கு ஒரு வாரம் தூங்கறா, அதுலயும் அலாரம் வெக்கணுமேன்னு."

"நான் எந்திரிச்சுருவேனே" என்றாள் பெர்னிஸ்.

"எந்திரிப்ப. நீ யாருக்காகவும் எதையும் பண்ணுவ, அதான் கவலையே. அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்குச் சட்டை மாத்திக்கிட்டுப் போகணும்ல? எனக்குப் பரவால்ல. கீத்துக்குத்தான் முட்டி வலி, காலணியக் கழட்டி மாட்டி..."

"சட்டைக்கும் முட்டிக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார் கீத்.

"பாத்தியா ஜூடித், வலிய வெளில காட்டவே மாட்டான்."

இப்படித்தான் நடக்கும். இவர்கள் மறுக்கமாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். தனக்காகக் கேட்கமாட்டார்கள், அடுத்தவருக்காகக் கேட்பார்கள். தனக்கு முட்டி வலிப்பது கீத்துக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. ஆனால் இவ்வளவு அக்கறையாக ஒருவர் கேட்கும்போது இல்லை என்று சொல்வது மரியாதையில்லையே என்று பேசாமல் முட்டியைத் தடவிக்கொண்டார். ஹோட்டல் போயிற்று.

ஜூடித் விடவில்லை. ஷாலேயை எடுத்தாள்.

"அடடா, ஷாலே!" நெவில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "புது மனுஷங்க, ஒரே மேஜை, பேச்சுத் துணை. நல்லதுதான். என்ன, நான் பல் டாக்டர்னு தெரிஞ்சுதுன்னா சூப்பு முடியறதுக்குள்ள ஆளாளுக்கு வாயத் தெறப்பாங்க. எனக்குப் பழக்கம்தான். நீங்கல்லாம் எதிர்ல உக்காந்து சாப்பிடணுமேன்னு பாத்தேன்."

பெர்னிஸ் தட்டிலிருந்த இறைச்சியைப் பார்த்தாள், கத்தியை வைத்துவிட்டாள்.

"நீ சொல்லாம இருந்துட்டாப் போச்சு" என்றாள் ஜூடித். குரல் கொஞ்சம் ஏறியது.

"சொல்லல கண்ணு, சொல்லல. பொய் சொல்லணும்னா சொல்றேன். உனக்காக எதுவும் செய்வேன். அப்புறம் மர வீடு, சுவரெல்லாம் மெலிசு. கீத் தூங்கும்போது கொஞ்சம்... சங்கீதம் உண்டு. முன்பின் தெரியாதவங்க என்ன நெனப்பாங்களோ. எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு."

முட்டியை ஏற்றுக்கொண்ட மனிதர் குறட்டையையும் ஏற்றுக்கொண்டார். அப்புறம் ஒரு மௌனம். இந்த ரகத்தின் பெரிய ஆயுதமே இந்த மௌனம்தான். நெவில் எதுவும் பேசாமல் கிரேவியை ஊற்றிக்கொண்டார். ஆங்கிலேயர்கள் சாப்பாட்டு மேஜையில் எதைத் தாங்கினாலும் மௌனத்தைத் தாங்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? பெர்னிஸ்தான் முதலில் மாட்டினாள்.

"அப்ப... பேசாம பழையபடி ஃபிளாட்டே எடுத்துரலாமா?"

"ஃபிளாட்டா?" நெவில் ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்துக்குப் பரிசே கொடுக்கலாம். "எனக்கு அது தோணவே இல்ல. சரி, எல்லாரும் ஆசைப்படறீங்க, நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்? எனக்கு எதுவானாலும் சரி."

ஃபிளாட்டில் அவர் காலுறையோடு சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, ஜூடித் கையால் செய்த இறைச்சிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடலாம் அல்லவா? அதுதான் அந்த மலை அளவு ஆசை. ஜூடித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

பிப்ரவரி வந்தது, போனார்கள். முதல் நாள் மத்தியானம் மூன்று பேரும் ஒயின் குடிக்க உட்கார்ந்தபோது, ஜூடித் கீழே இறங்கவில்லை. மேலே போனாள். கடைசி ரோப் காரில் அவளைத் தவிர ஆளில்லை. உச்சியில் நின்று பார்த்தாள். மலை பூராவும் அவளுக்கே. இறங்க ஆரம்பித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது, குளிர்காற்றினால் இல்லை. அத்தனை சந்தோஷம்.

அவள் ஃபிளாட்டுக்குள் நுழைந்தபோது கிராமத்தில் விளக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். மூவரும் வரிசையாக சோபாவில் இருந்தார்கள்.

"வந்துட்டியா கண்ணு! எல்லாரும் உனக்காகத்தான் காத்துட்டு இருக்கோம்" என்றார் நெவில். "ராத்திரிக்கு என்ன?"

ஜூடித் காலணியைக் கழற்றி வைத்தாள். மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் விரித்தாள்.

"எனக்கு எதுவானாலும் சரி."

கீத் பெர்னிஸைப் பார்த்தார். பெர்னிஸ் விரிப்பைப் பார்த்தாள். "எனக்கும் அப்படித்தான்" என்றாள். "நானும் எதையும் சாப்பிடுவேன்" என்றார் கீத். ஆங்கிலேயர் வழக்கப்படி இதற்குமேல் ஒருவரை ஒருவர் வற்புறுத்துவது நாகரிகமில்லை. நாலு மகாத்மாக்கள் ஒரே அறையில். அலமாரியில் தேயிலையும் கடுகுப் புட்டியும் தவிர ஒன்றும் இல்லை.

"கடைக்கு வேணா... யாராச்சும்..." என்று ஆரம்பித்தார் நெவில்.

"போகலாமே" என்றாள் ஜூடித். யாரும் எழுந்திருக்கவில்லை.

"பாஸ்தா மாதிரி ஏதாச்சும்..."

"பாஸ்தாவா வேணும் உனக்கு?"

"நான் சொல்லல! ஒரு பேச்சுக்கு..." அந்த மனிதரால் முடியவில்லை. 'வேணும்' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. ஐம்பத்தைந்து வருஷமாக மற்றவர்கள் வாயால் பேசியவருக்குச் சொந்த வாய் திடீரென்று எப்படித் திறக்கும்? கீழே கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. எதிரிலிருந்த ஹோட்டலிலிருந்து உருகிய பாலாடைக்கட்டியின் வாசனை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. ஒரு வயிறு உறுமியது.

"மன்னிச்சுக்குங்க" என்றார் கீத்.

"இல்லல்ல, அது என்னுது" என்றாள் பெர்னிஸ். செத்தாலும் விடமாட்டார்கள் மரியாதையை.

நெவிலின் முகம் சிவந்தது. எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"எனக்குப் பசிக்குது!" என்று கத்தினார். "எதிர்ல இருக்கற ஹோட்டலுக்குப் போகலாம். நான் அங்கதான் சாப்பிடணும். எனக்கு அதுதான் வேணும், போதுமா!"

கீத் வாயைப் பிளந்தார். ஜூடித் மட்டும் அசையவில்லை.

"இன்னைக்கு மட்டுமா, வாரம் பூராவுமா?" என்று கேட்டாள்.

"வாரம் பூராவும்" என்றார் நெவில், அழாத குறையாக.

அந்த வாரம் ஜூடித் ஒரு சாயங்காலம்கூட மலையைத் தவறவிடவில்லை. நெவில் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் திரும்பியதும் முதலில் வந்த நோயாளியின் வாயில் கருவியைச் செருகிவிட்டு, "தினமும் ஹோட்டல்லதான் சாப்பிட்டோம். ஜூடித் ஆசைப்பட்டா, எனக்கென்ன?" என்றார். அந்த ஆள் 'ஆ... ஆ...' என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். 'நம்ம மச்சான் அப்படியே இவரேதான்' என்றும் ஒருவரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள், தப்பில்லை. உங்களுக்கு ஆல்ப்ஸும் தெரியாது, ஷாலேயும் தெரியாது, நீங்கள் யாருக்கும் பாரமில்லாத மனிதர். நேற்று ராத்திரிக்கு என்ன செய்யட்டும் என்று வீட்டில் கேட்டபோதுகூட, கண்ணைப் பேப்பரிலிருந்து எடுக்காமல் 'ஏதாவது செய்' என்றுதானே சொன்னீர்கள்? அப்புறம் தட்டில் உப்புமா வந்து இறங்கியதும், ஒரு வார்த்தை பேசாமல், அதைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்களே, அந்தப் பார்வையை உங்கள் வீட்டில் இன்னும் யாரும் மறக்கவில்லை.